மூன்றாவது சங்கு

என் அலமாரியின் மேல்தட்டில் வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்று இருக்கிறது. அதில் முக்கால்வாசிக்குப் புழுங்கலரிசி. அந்த அரிசிக்குள், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, உள்ளங்கை அகலத்தில் ஒரு டேப் ஸ்பூல். அந்தமானின் ஈரத்தில் எதுவும் உருப்படியாக இருக்காது. பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும், பரணில் வைத்த சர்டிபிகேட்டில் பிடிக்கும், போட்டோவில் இருப்பவர்களின் முகத்திலும் பிடிக்கும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வருடா வருடம் மே மாதம் மழை பிடிப்பதற்கு முன் பழைய அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புது அரிசி நிரப்புவேன். ஐம்பது வருடமாக இதைச் செய்கிறேன். நேற்றைக்கு முன் ஒரு தடவைகூட அந்த டேப்பைப் போட்டுக் கேட்டதில்லை. அதில் ஒரு சிறுமியின் குரல் இருக்கிறது. என் குரலும் இருக்கிறது. சிறுமியின் குரல் இருப்பது என் மகளுக்குத் தெரியும். என் குரல் இருப்பது நேற்று வரை தெரியாது.

மகளும் டீச்சர்தான். போர்ட் பிளேரில் நாங்கள் இருக்கும் லம்பா லைனிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய் வருகிறாள். அவள் வகுப்பில் இப்போது சுவர் அகலத்துக்குத் திரை வைத்திருக்கிறார்களாம். தொட்டால் பாடம் ஓடுமாம். "நாப்பது நிமிஷ பீரியட்ல நெட் வர்றதுக்கே பதினஞ்சு நிமிஷம் போயிடுதும்மா, இதுல எங்க பாடம் நடத்துறது" என்று வாரம் ஒரு தடவையாவது புலம்புவாள். போன வருடம் டீச்சர்களுக்கான ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவள், அங்கே என்னோடு வேலை பார்த்த சாரின் கதையைச் சொன்னதாகச் சொன்னாள். மெஷின் மோகத்தில் நேரத்தை மறந்த ஒரு வாத்தியாரால் ஒரு குழந்தையின் உயிர் போனது என்று சொன்னாளாம். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லாச் சொல்லியிருக்கே என்றேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அந்தக் கதையை அவளுக்குச் சொல்லி வளர்த்தவள் நான்தானே.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பா போர்ட் பிளேரில் அரசாங்கக் குமாஸ்தா. எங்களுக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். டீச்சராக எனக்கு முதல் போஸ்டிங் பாராடாங் தீவில் போட்டார்கள். இன்று டிரங்க் ரோட்டில் பஸ் ஏறி, படகுத்துறையில் இறங்கி, வெள்ளம்போல் சுற்றுலாக்காரர்கள் போய் வருகிற இடம். அன்று படகை விட்டால் வழி கிடையாது. உப்பங்கழிக் கரையில் தகரக் கூரை போட்ட பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு அறை. ஹெட்மாஸ்டர் மாதத்தில் பாதி நாள் ஆபீஸ் வேலையாகப் போர்ட் பிளேரில் இருப்பார். மீதி நானும் சாரும்தான். சார் திருநெல்வேலிக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்த சட்டை. வங்காளி, ராஞ்சி, தெலுங்கு, தமிழ் என்று பிள்ளைகள் வீட்டில் ஒவ்வொரு மொழி பேசும். பாடம் ஹிந்தியில். என் ஹிந்தியில் பாதி அந்தப் பிள்ளைகள் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

அக்கரையிலிருந்து ஏழு பிள்ளைகள் வருவார்கள். எல்லாம் பீகார் ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டில் மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர்களின் பிள்ளைகள். தண்ணீர் ஏறி நிற்கும்போது மட்டும்தான் படகு அக்கரைப் படியைத் தொடும். வடிந்துவிட்டால் அங்கே வெறும் சேறும் அலையாத்தி வேரும்தான். அந்தச் சேற்றில் முதலை படுத்திருக்கும். நான் சேர்ந்த மாதமே ஒரு நாயை இழுத்துக்கொண்டு போனது. அதைவிட மோசம், வடியும்போது கழி வளைவில் தண்ணீர் கடலைப் பார்த்து இழுக்கும் இழுப்பு. அதனால் அந்தப் பள்ளியில் அக்கரைப் பிள்ளைகளுக்குக் கடிகாரம் கிடையாது, சங்குதான். படகோட்டி ஒரு வங்காளி, எல்லோருக்கும் அவர் மாஞ்சி. முதல் சங்கு ஊதினால் பையை எடு. இரண்டாவது ஊதினால் படகுத்துறை ஜெட்டியில் நில். மூன்றாவது ஊதிவிட்டால் தண்ணீர் திரும்பிவிட்டது, இனி படகு போகாது, பிள்ளைகள் அன்றைக்கு இக்கரையில் டீச்சர் குவார்ட்டர்ஸில் தங்க வேண்டியதுதான். தண்ணீர் ஏறுகிற நேரம் தினமும் முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிக்கொண்டே போகும். அதனால் சில நாள் பாதிப் பாடத்தில் எழுந்து ஓடுவார்கள். சில நாள் பள்ளி விட்டு இரண்டு மணி நேரம் காத்துக் கிடப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் சங்கு ஊதினால் சாவு வீடு. முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் யார் போய்விட்டார்கள் என்று சாரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வங்காளிங்க வீட்டுல கல்யாணத்துக்கும் அதத்தான் ஊதுவாங்க டீச்சர், பழகிரும் என்றார். எனக்குப் பழகவேயில்லை. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் யார் வீட்டில் சாவு என்றுதான் முதலில் தோன்றும்.

இரண்டாவது வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து படகில் ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே டேப் ரெக்கார்டர். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாதம் வைத்துக்கொண்டு அடுத்த தீவுக்கு அனுப்ப வேண்டும். கரண்ட் இல்லாத இடம் என்பதால் பேட்டரி செல் போட்டு ஓடும். ஒரு மாதத்துக்கு இரண்டு செட் செல், தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிள்ளைகள் படிப்பதைப் பதிவு செய்து, அவர்களையே கேட்கவைத்து, உச்சரிப்பைத் திருத்தச் சொல்லிக் கூடவே ஒரு காகிதம் வந்திருந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு பேர் ஐந்து வகுப்பைக் கட்டி மேய்க்கிறோம், வாய்ப்பாடு சொல்லித்தரவே நேரமில்லை, இதில் பாட்டுப்பெட்டி ஒன்றுதான் குறைச்சல் என்றேன். சார் டைம்டேபிளுக்குப் பக்கத்தில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை ஒட்டிவைத்து, பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். பள்ளி விட்டு அக்கரைப் பிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்களே, அந்த நேரத்தைத்தான் அவர் கண்டுபிடித்தார். மாதத்தில் ஒன்பது நாள் தேறியது. பாடத்தில் ஒரு நிமிடம் குறையவில்லை. "நேரம் இல்லன்னு சொல்லாதீங்க டீச்சர், தண்ணி குடுக்குது. ஆனா அது குடுக்குற வரைக்கும்தான்" என்றார். அவ்வளவு கணக்காக இருந்த மனுஷன்.

முதல் நாள் பதிவே சரியாக அமையவில்லை. ஒரு பையன் படித்துக்கொண்டிருக்கும்போது முதல் சங்கு கேட்டது. அதுவும் டேப்பில் விழுந்துவிட்டது. மறுநாள் போட்டுக் காட்டியபோது பெட்டிக்குள்ளிருந்து சங்குச் சத்தம் வந்ததும் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த மாஞ்சி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஊதின சங்கைப் பிடித்துவைத்து மறுபடி ஊதவிடக் கூடாது, தண்ணீர் குழம்பிப்போகும் என்று ஹிந்தியில் சொன்னார். நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். சார் அதற்குக் கட்டுப்பட்டார். அன்றிலிருந்து முதல் சங்கு கேட்டதும் பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவார், பிள்ளை பாதிச் சொல்லில் நின்றாலும் சரி. அதில் எனக்குக் கோபம்கூட வரும். ஏனென்றால் அதற்குள் அந்தப் பெட்டியிடம் நான்தான் மயங்கிப்போயிருந்தேன். நான் எத்தனை தடவை திருத்தியும் கேட்காத பிள்ளைகள், தங்கள் குரலை ஒரு தடவை கேட்டதும் தாங்களே நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்திப் படித்தார்கள். ஒரு வாரத்தில் நான் சாரைவிட அதிகம் அதைத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கரைப் பிள்ளைகளில் ஒரு பெண் பேசவே மாட்டாள். ஒன்பது வயது, என் வகுப்பு. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். ஊமை இல்லை. படகில் மற்றப் பிள்ளைகளோடு அவள் சளசளவென்று பேசுவதை மாஞ்சியே சொல்லியிருக்கிறார். வகுப்பு வாசலை மிதித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். ஒன்றரை வருடம் நான் கெஞ்சியும் பார்த்தேன், மிரட்டியும் பார்த்தேன். மைக்கை முன்னால் வைத்தால் அதை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்துவிடுவாள். அவள் குரலை ஒரு தடவை வாங்கிவிட வேண்டும் என்பது எனக்கு வீம்பாகவே ஆகிவிட்டது. வீம்பு என்று இப்போது சொல்கிறேன், அன்று அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

மெஷின் போகிற நாளுக்கு முந்தின நாள். மறுநாள் காலைப் படகில் அதை அனுப்ப வேண்டும். அன்று மூன்று மணி வாக்கில் தண்ணீர் ஏறி நிற்கும் என்று அட்டவணையில் இருந்தது. ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டதும் அக்கரைப் பிள்ளைகளைச் சார் ஒவ்வொருவராக உட்காரவைத்தார். ஆறு பேர் முடிந்தது. நேரம் இன்னும் இருந்தது. அந்தப் பெண் சுவரோரம் நின்றிருந்தாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இன்றோடு இது போய்விடும், இனி வராது என்றேன். என்ன தோன்றியதோ, மெதுவாக வந்து மைக்குக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சார் பட்டனை அமுக்கினார். ஸ்பூல் சுற்ற ஆரம்பித்தது. வெகு நேரம் சும்மாவே இருந்தாள். அப்போது முதல் சங்கு ஊதியது. சாரின் கை பட்டனுக்குப் போனது. அதே நேரம் அவள் வாயைத் திறந்தாள்.

"மேரா கர் உஸ் பார் ஹை" என்றாள். என் வீடு அந்தக் கரையில் இருக்கிறது. பிறகு நிற்கவேயில்லை. வீட்டில் மூன்று ஆடு, அதில் ஒன்றுக்குக் கால் ஊனம், அப்பா யானையோடு மரம் இழுக்கப் போவார், அம்மா மூங்கிலில் கூடை முடைவாள் என்று ஒன்றரை வருடத்துக்குமாகச் சேர்த்துப் பேசினாள். சின்னக் கணீர்க் குரல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டாவது சங்கு ஊதியது. சார் என்னைப் பார்த்தார். "டீச்சர், சங்கு கேக்குல்லா?" என்றார் மெதுவாக. "ரெண்டு நிமிஷம் சார். அவ முடிக்கட்டும்" என்றேன். ஜன்னல் வழியே ஜெட்டி தெரியும். மூன்றாவதை ஊத மாஞ்சி சங்கைத் தூக்குவது தெரிந்தது. நான் எழுந்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இருங்கள் என்று காட்டினேன். அவர் சங்கை இறக்கிக்கொண்டார். டீச்சர் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லாத காலம் அது. மூன்றாவது சங்கை அன்றைக்கு அவர் ஊதவேயில்லை. ஊதியிருந்தால் அந்த ஏழு பிள்ளைகளும் என் குவார்ட்டர்ஸில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள்.

இரண்டு நிமிடம் என்றது எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்குத் தெரியாது. சார் மெஷினைப் பெட்டியில் அடுக்க நின்றுவிட்டார், பிள்ளைகளை ஜெட்டிக்குக் கூட்டிப்போனது நான். அவராக இருந்தால் முதலில் ஜெட்டிக் கம்பத்தைத்தான் பார்த்திருப்பார். தண்ணீருக்கு மேலே கம்பத்தில் ஈரம் தெரிந்தால் வடிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நான் பிள்ளைகளின் பையையும் சிலேட்டையும்தான் பார்த்தேன். "பானி உத்தர் ரஹா ஹை, தீதிமணி" என்றார் மாஞ்சி. தண்ணீர் இறங்குகிறது டீச்சரம்மா என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். கொஞ்சம்தானே, சீக்கிரம் போய்விடுங்கள் என்றேன். அந்தப் பெண் கடைசியாகப் பேசியவள், கடைசியாகத்தான் படகில் ஏறினாள். வால்பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தண்ணீரில் காய்ந்த இலைகள் கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. அதையும் பார்த்தேன், பார்த்தும் உறைக்கவில்லை.

வளைவில் படகு பக்கவாட்டில் திரும்பி வேர்களில் மோதிய சத்தம் பள்ளி வரை கேட்டது. மாஞ்சியும் ஆறு பிள்ளைகளும் வேரைப் பிடித்துக்கொண்டார்கள். வால்பக்கத்தில் இருந்தவளுக்குப் பிடிக்க எதுவும் இல்லை. அக்கரைப் படியில் பிள்ளைகளுக்காக நின்றிருந்த பெண்களில் ஒருத்தி அவள் அம்மா. நான் ஜெட்டியைவிட்டு நகரவில்லை. சார் சட்டையோடு சேற்றில் இறங்கி இடுப்பளவு போய்விட்டார். அவரை ஆட்கள் இழுத்து வரவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மீன் பிடிக்கப் போனவர்கள் அவளைக் கண்டெடுத்தார்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் வகுப்பிலேயே மேசை போட்டு விசாரித்தார். சங்கு ஊதியும் பிள்ளைகளை நிறுத்திவைத்தது யார் என்பதுதான் கேள்வி. நான் அப்போது ஒப்பந்தத்தில் இருந்தேன், வேலை நிரந்தரமாகவில்லை, வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இதெல்லாம் பின்னால் நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். அந்த நிமிடத்தில் இருந்தது பயம் மட்டும்தான். தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்து சாரின் குரல் கேட்டது. "நான்தான்" என்றார். மெஷின் தன் பொறுப்பு என்றும், டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிப்போனது தன் பேச்சைக் கேட்டுத்தான் என்றும் சொன்னார். மாஞ்சியைக் கேட்டபோது, மாஸ்டர்மார் நிற்கச் சொன்னார்கள், நின்றேன் என்றார். ஜன்னலில் நீண்ட கையில் வளையல் இருந்ததை அவர் பார்த்திருப்பார். சொல்லவில்லை. அதன்பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசியதும் இல்லை.

சாருக்குத் தெற்கே ஒரு தீவுக்கு மாற்றல் வந்தது, சம்பள உயர்வை நிறுத்தினார்கள். படகு ஏறுகிற அன்று என்னை ஜெட்டிக்கு வரச்சொல்லி இந்த ஸ்பூலைக் கொடுத்தார். ஆபீசுக்குப் புது ஸ்பூல் ஒன்று வாங்கி வைத்துவிட்டாராம். இதை அவர் அந்த மேசையில் போட்டுக்காட்டியிருந்தால் கதை அப்போதே மாறியிருக்கும். இரண்டு பேருக்கும் அது தெரியும். "இதுல அந்தப் பிள்ள குரல் இருக்கு. அவ அம்மைக்கு வேணும்னு தோணிச்சுன்னா குடுங்க டீச்சர்" என்றார். அவ்வளவுதான். படகு வளைவு திரும்பும் வரை நின்றுகொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து அந்த அம்மா வந்தாள். கையில் அவளே முடைந்த ஒரு கூடை, அதில் நாலு முட்டை. போகும்போது மாஸ்டர்ஜி ஆள் விட்டுச் சொன்னாராம், மகள் குரல் டீச்சரிடம் இருக்கிறதென்று. எப்படிக் கேட்பது என்று தெரியாது, பெட்டி வரும்போது சொன்னால் வருகிறேன், ஒரே ஒரு தடவை போதும் என்றாள். அழவில்லை. ஸ்பூல் அப்போது அவளுக்கு எட்டடி தூரத்தில், என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. மகள் குரலுக்குப் பக்கத்தில் என் குரலையும் அவள் கேட்பாளே என்று நினைத்தேன். தமிழ் தெரியாவிட்டால் என்ன, என் குரல் தெரியாதா? அது அழிந்துபோய்விட்டது என்று சொன்னேன். தலையை ஆட்டினாள். முட்டையைக் கூடையோடு வைத்துவிட்டுப் போனாள். செய்ததில் எது பெரிய பாவம் என்று என்னை யாராவது கேட்டால், ஜன்னலில் கை நீட்டியதைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். அவள் போய்ச் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. சாரும் ஊர் திரும்பி, அங்கேயே காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

மகள் பயிற்சியில் கதை சொன்ன மறுவாரம் பாட்டிலைத் திறந்தேன். உறையிலிருந்து புளித்த வாடை வந்தது. ஓரங்களில் டேப் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தது. இன்னொரு மழை தாங்காது. பல வருடமாக அவள்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், மெயின்லேண்டில் யாரிடமாவது கொடுத்து இதைப் போனில் ஏற்றி வாங்கலாம் என்று. நான்தான் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவேன். அன்று நானே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கப்பலில் போன தெரிந்தவர் ஒருவர் சென்னையில் கொடுத்துச் செய்து வாங்கினார். ஸ்பூல் திரும்பி வந்துவிட்டது. குரல் போனில் வந்துவிட்டது.

நேற்று மாலை சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். மகள் போனை நடுவில் வைத்துத் தொட்டாள். முதலில் உஸ்ஸென்று ஒரு இரைச்சல். பிறகு தூரத்தில் சங்கு. இத்தனை வருடத்துக்குப் பிறகும் யார் வீட்டில் சாவு என்றுதான் முதலில் தோன்றியது. மேரா கர் உஸ் பார் ஹை என்று அந்தக் கணீர்க் குரல் ஆரம்பித்தது. மகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று ஆடு, கால் ஊனமான ஆடு. இரண்டாவது சங்கு. டீச்சர், சங்கு கேக்குல்லா என்றார் சார். அவர் இவ்வளவு மெதுவாகவா சொன்னார்? என் நினைவில் இன்னும் உரக்கச் சொல்லியிருந்தார். அடுத்து ஒரு இளம்பெண்ணின் குரல், கொஞ்சம் எரிச்சலாகவே, ரெண்டு நிமிஷம் சார் என்றது.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். குரல் அவளுடையதைப் போலவே இருந்தது. அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். இருந்தாலும் கேட்டாள்.

"யாரும்மா அது?"

"நான்தான்" என்றேன்.

அலமாரியில் பாட்டில் திறந்தபடி இருந்தது, அரிசி நடுவில் ஸ்பூல் கிடந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. போனில் அந்தப் பெண் அம்மா கூடை முடைவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேருமே கையை நீட்டவில்லை.